பூக்காத சட்டை

ஆய்வகத்தில் சேர்ந்த முதல் நாள் வசந்தாமணி கேட்ட முதல் கேள்வி, "இதை யாருங்க வெட்டினது?" என்பதுதான்.

அவள் முன்னால் மேசையில் கிடந்தது பதினான்கு கிலோ எடையுள்ள பாதுகாப்பு உடை. வெளியே தடித்த ரப்பர், அதற்கு மேல் ஈயம் வைத்த ஏப்ரன், முழங்கை வரை கையுறை. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு அக்குள் பக்கத்தை விரலால் அளந்தாள்.

"ஏன்க்கா, என்ன குறை?" என்றாள் நஸ்ரின். டாக்டர் நஸ்ரின்தான் அங்கே கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரி. பொள்ளாச்சிக்காரி, முப்பத்தைந்து வயது.

"அக்குள் வெட்டு தப்புங்க. கையைத் தூக்கினா மொத்த உடுப்பும் மேல ஏறும். கையை நீட்டினா கையுறைக்கும் சட்டைக்கும் நடுவுல ரெண்டு விரக்கடை மணிக்கட்டு தெரியும். நீங்க இதைப் போட்டிருக்கீங்களா?"

"ஆறு வருஷமா."

"தெரிஞ்சுதா, இல்லியா?"

நஸ்ரின் சிரித்துவிட்டாள். "தெரிஞ்சுதுக்கா. என் கைதான் நீளம்னு நெனச்சுட்டேன்."

வசந்தாமணிக்கு நாற்பத்து மூன்று வயது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருபத்தொரு வருஷம் வேலை பார்த்தவள். தையல்காரருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடிப்பவளாகச் சேர்ந்து, ஆண்கள் மட்டுமே இருந்த கட்டிங் மாஸ்டர் வேலைவரை ஏறியவள். பிறகு துணியை அளந்து வெட்டும் வேலையை எந்திரங்கள் எடுத்துக்கொண்டன. வீட்டில் சும்மா இருந்த நாட்களில்தான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது: 'ஊசித்துளை விழாமல் உடை செய்யத் தெரிந்தவர் தேவை.' ஊசியில்லாமல் எப்படித் தைப்பது என்று தெரிந்துகொள்ளும் ஆசையிலேயே பஸ் ஏறிவிட்டாள்.

பல்லடம் தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே இருந்தது அந்த ஆய்வகம். தைராய்டு புற்றுநோய்க்கான மருந்தைச் செய்யும் இடம். மருந்து என்றால் ஒரு சின்னக் குப்பியில் இரண்டு மிடறு தண்ணீர் போல இருக்கும். நோயாளி குடித்தால் அது நேரே போய்ப் புற்று இருக்கிற இடத்தில் உட்கார்ந்து, தன் கதிரால் அதைச் சுட்டுப் பொசுக்கும். எட்டு நாளைக்கு ஒருமுறை அதன் வீரியம் பாதியாகும். அதனால் செய்த அன்றே அனுப்பியாக வேண்டும்.

"இந்த உடுப்பு அந்தக் கதிரைத் தடுத்துருங்களா?" என்று கேட்டாள் வசந்தாமணி.

"இல்லக்கா. எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. இந்தக் கதிர் துணியையும் ரப்பரையும் துளைச்சுட்டுப் போயிரும். இந்த மெல்லிசு ஈயம் எக்ஸ்ரேக்குச் சரி, இதுக்குக் காணாது. தடுக்கணும்னா ஈயச் செங்கல்லு அடுக்கணும்."

"அப்பறம் எதுக்குங்க உடுப்பு?"

"துளி தெறிச்சு ஒட்டாம இருக்கறதுக்கு. வெளிய இருக்கற மருந்துன்னா நாம நாலு எட்டு விலகி வந்துறலாம். தோல்லயே ஒட்டிக்கிச்சுன்னா எங்க விலகறது? அது நம்மகூடவே கேண்டீனுக்கு வரும், வீட்டுக்கு வரும், புள்ளை கன்னத்துல போய் உக்காரும்."

"சேத்துக்காட்டுல நடந்துட்டு வந்தவன் செருப்பை வெளிய விடறாப்பல."

"அவ்வளவுதாங்க்கா. ஆனா இந்தச் சேறு கண்ணுக்குத் தெரியாது."

அதைக் கண்ணுக்குத் தெரியவைப்பதற்குத்தான் நஸ்ரினும் அவளுடைய குழுவும் நான்கு வருஷம் பாடுபட்டு ஒரு நூலைக் கண்டுபிடித்திருந்தார்கள். அந்த நூலில் நெய்த துணி பால்வெள்ளையாக இருக்கும். கதிரியக்கத் துளியோ தூசியோ மேலே ஒட்டினால், ஒட்டின இடம் ஒரு நிமிஷத்துக்குள் ரோஜா நிறமாக மாறிவிடும். பார்ப்பதற்குச் சின்னப் பூ போலவே இருக்கும். அதற்கு விஞ்ஞானப் பெயர் ஒன்று உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. எல்லோருக்கும் அது பூத்துணி. ஊசித்துளை வழியே மருந்து உள்ளே போய்விடும் என்பதால் அதைத் தைக்கக் கூடாது, சூடு வைத்து ஒட்ட வேண்டும். வசந்தாமணி ஒரு மாதத்தில் அந்த வித்தையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அளவு மட்டும் வெளிநாட்டு உடையின் அளவாகவே இருக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அதில் அவளுக்கு வருத்தம்தான்.

ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை ஆறு பேர் பூத்துணி உடுத்தி உள்ளே போனார்கள். மதியம் வெளியே வந்தபோது உடை மாற்றும் அறையில் ஒரே சிரிப்பு. ஒருத்தருக்கு மூக்குக்கு நேரே முகமூடியில் ஒரு பூ; யாருக்கும் தெரியாமல் மூக்கைச் சொறிந்திருக்கிறார். இன்னொருத்திக்கு இடுப்பில் ஐந்து விரலும் அச்சாகப் பூத்திருந்தன. இடுப்பில் கை வைத்து நின்றுதான் அவளுக்குப் பேசவே வரும்.

எல்லோரையும்விட அதிகமாகப் பூத்து வந்தவன் சென்னியப்பன். மருந்தைக் குப்பிகளில் அளந்து ஊற்றுகிறவன். ஒல்லியான ஆள், நீள விரல்கள், முப்பத்தாறு வயது.

"மணியக்கா, பாருங்க, மாரியம்மன் கோயில்ல பூச்சாட்டினாப்பல இருக்கறேன். கம்பந்தான் நடல!" என்று கையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றினான். அறையே அதிர்ந்தது.

அந்தச் சிரிப்பு இரண்டு வாரம்கூட நிலைக்கவில்லை.

இயக்குநர் சதாசிவம் நேர்மையானவர், பயந்தவர். கண்ணுக்குத் தெரியாத ஆபத்தை இருபது வருஷம் கட்டி மேய்த்தவருக்கு, அது திடீரென்று கண்ணுக்குத் தெரிந்ததும் என்ன செய்வதென்று புரியவில்லை. யார் உடையில் எத்தனை பூ என்று எண்ணி, அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொன்னார். கவனம் கூடும் என்று நினைத்தார். வாராவாரம் முதல் பெயர் சென்னியப்பன். இரண்டாம் இடத்தில் இருப்பவருக்கும் அவனுக்கும் நடுவே பெரிய இடைவெளி.

கேண்டீனில் சென்னியப்பன் உட்கார்ந்த பெஞ்சில் மற்றவர்கள் உட்காருவதை நிறுத்தினார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார்கள், அவ்வளவுதான். துவைக்கும் இடத்தில் அவனுடைய உள்சட்டையை மட்டும் தனியே வைத்தார்கள். அது வெள்ளையாகத்தான் இருந்தது, ஆனாலும் தனியே வைத்தார்கள். அவன் தங்கைக்குப் பார்த்த வரன்கூட, "பொண்ணோட அண்ணன் அங்க வேலை பாக்கறானாமே" என்று இழுத்தது.

"நீ ஏப்பா சும்மா இருக்கற? ஏதாச்சும் கேக்க வேண்டியதுதான?" என்றாள் வசந்தாமணி.

"என்னத்தைக் கேக்கறதுங்க்கா? பூ எம்மேலதான இருக்குது," என்று சொல்லி, எதிரே காலியாயிருந்த பெஞ்சைப் பார்த்துக்கொண்டே தயிர்ச்சோற்றைப் பிசைந்தான்.

ஒரு நாள் உடை மாற்றும் அறைக்கு முன்னதாக வந்த வசந்தாமணி வேறொன்றையும் பார்த்தாள். உள்ளே போகிறவர்கள் பூத்துணிக்கு மேலே பழைய பிளாஸ்டிக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தார்கள். பூவை மறைப்பதற்கு. அந்தக் கோட்டோடு ஊருக்குள் ஒரு நடை நடந்தாலே புழுக்கத்தில் மயக்கம் வரும். அதைப் போட்டு வேலை செய்தால் கை மெதுவாகும். மெதுவானால் மருந்துக்குப் பக்கத்தில் நிற்கும் நேரம் கூடும். அவள் நஸ்ரினிடம் ஓடினாள்.

நஸ்ரின் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். "ஆபத்தைக் காட்டறதுக்குத் துணி கண்டுபுடிச்சேன். ஜனங்க ஆபத்தை விட்டுட்டுத் துணியைப் பாத்துப் பயப்படறாங்க. இதுக்கு நாலு வருஷம்."

"அழுகறதுக்கு நேரமில்லீங்க மேடம். அந்தப் பழைய உடுப்பெல்லாம் எங்க இருக்குது?"

கழற்றிய உடைகள் உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பைகளில் கட்டி, எண்பது நாள் ஈய அறையில் கிடக்கும். அதற்குள் அவற்றில் ஒட்டியிருந்த கதிர் ஏறக்குறைய செத்துவிடும். பூவின் நிறம் மட்டும் வாடாமல் இருக்கும். கார்த்திகை மாதம் முதல் தொகுதி வெளியே வந்தது. வசந்தாமணி தன் அறையில் பட்டர் பேப்பரை விரித்தாள். பனியன் கம்பெனியில் மாதிரி வரைவதற்கு வைத்திருக்கும் அதே எண்ணெய்த்தாள். பத்துப் பத்து உடைக்கு ஒரே தாளை மாற்றி மாற்றி வைத்து, பூ இருக்கிற இடமெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டாள். நூற்றுப் பன்னிரண்டு உடை. ஒன்பது நாள் வேலை.

பிறகு எல்லாத் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டு, நஸ்ரினையும் இயக்குநரையும் கூப்பிட்டாள். கூடவே, வர மாட்டேன் என்று நின்ற சென்னியப்பனையும் இழுத்து வந்தாள்.

வெயில் பின்னாலிருந்து அடித்தது. தாள்களில் வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து மூன்றே இடத்தில் கருத்துக் கிடந்தன. இடது மணிக்கட்டு. தொப்புளுக்கு மேலே. பிடரி.

"சார், எங்க கம்பெனில ஒரே ஒரு பீஸ்ல ஒரு எடத்துல குத்தம் இருந்தா, தைச்சவளைக் கூப்புடுவோம்," என்றாள் வசந்தாமணி. "நூறு பீஸ்லயும் அதே எடத்துல குத்தம் இருந்தா தைச்சவளைத் திட்டறதில்லீங்க. வெட்டினவனைக் கூப்புடுவோம். இது ஆள் மேல இருக்கற கறை இல்லீங்க. அளவு மேல இருக்கற கறை."

சதாசிவம் கண்ணாடிக்கு அருகே போய் நின்றார். "மணிக்கட்டு புரியுது. வயித்துல எப்படி?"

"கழட்டறப்போ. முன்னாடி ஜிப்பு வெச்சிருக்கறாங்க. அழுக்குக் கையுறையோட தான அதைப் புடிச்சு இழுக்கோணும்? பிடரியும் அப்படித்தான், தலைமூடியைக் கழட்டறப்போ படறது."

"அப்போ சென்னியப்பனுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் காத்திருந்தாள். "அவன் எத்தனை குப்பி ஊத்தறான்னு நீங்க பலகையில போடலீங்களே சார். மத்தவங்க அஞ்சு பேரும் சேர்ந்து ஊத்தறதைவிட அவன் ஒருத்தன் ஊத்தறது ஜாஸ்தி. நான் பாத்துட்டேன். மத்தவங்களுக்குக் குப்பிக்கு ஒரு பூ. இவனுக்கு மூணு குப்பிக்கு ஒரு பூ. இங்க இருக்கறதுலயே சுத்தமான கை இவன் கைதானுங்க."

சென்னியப்பன் தன் கைகளைத் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொண்டான். சதாசிவம் மெதுவாக நடந்து வெளியே போனார். போனவர் அறிவிப்புப் பலகையிலிருந்த தாளைத் தானே கிழித்தெடுத்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று மதியம் கேண்டீனில் தட்டை எடுத்துக்கொண்டு சென்னியப்பன் எதிரே போய் உட்கார்ந்தார். "அந்த ஊறுகாயைச் சித்தத் தள்ளுப்பா," என்றார். மற்ற பெஞ்சுகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். கடைசியில் அந்த ஒரு பெஞ்சில் பதினோரு பேர் நெருக்கிக்கொண்டு உட்கார, அது ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

அதன் பிறகு வசந்தாமணிக்கு அளவை மாற்ற அனுமதி கிடைத்தது. அவள் செய்த புது உடை முதுகுப் பக்கம் திறக்கும். போட்டவரே கழற்ற முடியாது. பின்னால் ஒருத்தர் நின்று திறந்து, உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி சுருட்டிக்கொண்டே இறக்க வேண்டும். அழுக்கு எல்லாம் சுருளுக்குள் அடங்கிவிடும். கட்டைவிரலுக்கு ஒரு வளையம். கையை எவ்வளவு நீட்டினாலும் சட்டை மேலே ஏறாது. அதற்கு மேல் இரண்டு கையுறை. மொத்த எடை ஒரு கிலோவுக்கும் குறைவு.

தை மாதம் ஒரு புதன்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அந்த உடைக்கு நிஜமான சோதனை வந்தது.

மருந்து ஊற்றும் அறையில் எந்திரக் கை ஒன்று பாதியில் இறுகி, பெரிய குப்பியைத் தட்டிவிட்டது. குப்பி உடைந்து மருந்து தரையில் சிதறியது. அறையில் யாரும் இல்லை, கதவு தானே பூட்டிக்கொண்டது. ஆனால் உள்ளே மேசைமேல் அன்று அனுப்ப வேண்டிய முப்பத்தொரு குப்பிகள் ஈயச் சிமிழ்களில் மூடாமல் நின்றன. மூடியைத் திருகி, சுவரிலிருந்த சின்னக் கதவு வழியாக வெளியே தள்ளினால் போதும். வெளியே ட்ரோன்கள் தயாராக இருந்தன. மதுரை, சேலம், கோவை, திருச்சி ஆஸ்பத்திரிகளில் முப்பத்தொரு பேர் காத்திருந்தார்கள்.

"ரெண்டு நாள் தள்ளிக்கச் சொன்னா ஆகாதுங்களா?" என்று கேட்டாள் வசந்தாமணி.

"அவங்க ஒரு மாசமா தைராய்டு மாத்திரையை நிறுத்திட்டு, அயோடின் கலந்த உப்புகூடச் சேர்க்காமச் சாப்புட்டுட்டு, முகமெல்லாம் வீங்கிக் கிடக்கறாங்கக்கா. இந்த மருந்துக்காக. அடுத்தது வர ரெண்டு வாரம் ஆகும்," என்றாள் நஸ்ரின்.

சதாசிவம் விதிப் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். சிந்திய அறைக்குள் போவதானால் கனத்த உடை என்று அதில் எழுதியிருந்தது. பதினான்கு கிலோ உடை.

"பூத்துணியில அனுப்பி யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பதில் சொல்வேன் நஸ்ரின்?"

"அந்தக் கனத்த உடை நம்மளைக் காப்பாத்தாது சார், தாமதப்படுத்தும். உள்ளே நமக்குக் கவசம் வேகம் மட்டுந்தான்."

"வாயால சொன்னா எப்படி?"

"செஞ்சே பாத்துறலாம்," என்றான் சென்னியப்பன்.

பக்கத்துக் காலி அறையில் வெறும் சிமிழ்கள் முப்பத்தொன்றை வைத்தார்கள். கனத்த உடையைச் சதாசிவமே வாங்கி மாட்டிக்கொண்டார். எல்லோரும் திகைத்து நிற்க, முதல் சிமிழின் மூடியை எடுத்தார். ரப்பர் விரல்களுக்குள் மூடி நிற்கவில்லை. உருண்டு மேசைக்குக் கீழே போனது. குனிந்தார். ஏப்ரன் கழுத்தில் இடித்தது. நிமிர்ந்தார். இரண்டாவது சிமிழ் கவிழ்ந்தது. நாலாவது சிமிழை மூடும்போது மூன்று நிமிஷம் ஆகியிருந்தது. முகத்திலிருந்து வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது, துடைக்க முடியவில்லை. பிறகு சென்னியப்பன் பூத்துணியில் வந்தான். ஆறரை நிமிஷத்தில் முப்பத்தொன்றையும் மூடி முடித்தான்.

சதாசிவம் தலைமூடியைக் கழற்றி மூச்சு வாங்கினார். விதிப் புத்தகத்தின் ஓரத்திலேயே பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "பூத்துணியே போடுங்க. பொறுப்பு என்னுது."

சென்னியப்பனும் நஸ்ரினும் உள்ளே போவதாக முடிவானது. அவன் மூட, அவள் வெளியே தள்ள வேண்டும். வசந்தாமணி இருவருக்கும் உடை மாட்டினாள். இந்த மருந்து காற்றிலும் ஏறும் என்பதால் கரி வைத்த முகமூடியைக் கட்டினாள். காலுக்கு இரண்டு உறை. கையுறையின் விளிம்பை ஒட்டி, விரலால் இரண்டு முறை நீவி விட்டாள்.

"மணியக்கா, மாப்பிள்ளை அலங்காரம் முடிஞ்சுதா?" என்றான் சென்னியப்பன் முகமூடிக்குள்ளிருந்து.

"வாயை மூடிட்டுப் போய்ட்டு வா, சாமி."

கதவு திறந்து மூடியது. கண்ணாடி வழியே எல்லோரும் பார்த்தார்கள். சென்னியப்பனுடைய விரல்கள் பூக்கட்டுகிறவளின் விரல்களைப் போல ஓடின. ஒவ்வொரு சிமிழும் மூடியதும் நஸ்ரின் தள்ளினாள். இந்தப் பக்கம் வாங்கி வைத்தார்கள். பத்து. பதினெட்டு. இருபத்தைந்து. அவர்களுடைய காலுறைகளில் பூ பூத்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்று. ஏழு நிமிஷம் பத்து நொடி.

கழற்றுவதுதான் வசந்தாமணியின் வேலை. அவளும் ஒரு பூத்துணிக்குள் இருந்தாள். எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் சென்னியப்பன் முதுகைக் காட்டி நின்றான். முழங்கால்வரை ஒரே ரோஜா நிறம், கையில் கொத்துக் கொத்தாக. வேலியில் காகிதப்பூ படர்ந்த மாதிரி இருந்தான்.

"கையைத் தொங்க விடு. எதையும் தொடாத. மூச்சை மெதுவா விடு," என்றாள். முதுகைத் திறந்தாள். தோளிலிருந்து சுருட்டினாள். பூக்கள் ஒவ்வொன்றாகச் சுருளுக்குள் மறைந்தன. கையுறையும் சட்டையோடு சேர்ந்து உரிந்து வந்தது. ஒரு காலைத் தூக்கி உறையை விட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்தான். பிறகு இன்னொரு காலை. உள்ளே போட்டிருந்த சட்டையும் கால்சட்டையும்கூட அவள் பூத்துணியில்தான் செய்திருந்தாள். எல்லோரும் ஒரு நிமிஷம் காத்திருந்தார்கள். அவை பால்வெள்ளையாகவே இருந்தன.

அடுத்துக் கழற்றிய நஸ்ரினுக்கு மட்டும் கணுக்காலில் மொச்சைக்கொட்டை அளவு ஒரு பூ.

"ஐயோ, அங்க ரெண்டு அங்குலம் குறைச்சுட்டனுங்க," என்று பதறினாள் வசந்தாமணி.

"சோப்புப் போட்டுக் கழுவினாப் போயிரும்க்கா. அது இருக்குதுன்னு தெரிஞ்சதாலதான கழுவறேன்!" என்று நஸ்ரின் ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே குளியலறைக்குப் போனாள். அவள் சிரிப்பு உள்ளேயிருந்தும் கேட்டது. வெளியே ட்ரோன்கள் ஒவ்வொன்றாக எழும்பிக் காற்றாலைகளைத் தாண்டிப் போயின. சதாசிவம் ஒவ்வொன்றையும் கையசைத்து அனுப்பினார்.

இந்தச் செய்தி பேப்பரில் வந்தது. பூத்துணியைப் பற்றி அரைப் பக்கம் எழுதினார்கள். அதைப் படித்துவிட்டு, மருந்து அனுப்பிய இருபத்து நாலாம் நாள் ஆய்வகத்து வாசலில் ஒரு கார் வந்து நின்றது.

இறங்கியவள் பெயர் சௌடேஸ்வரி. சோமனூர்க்காரி, இருபத்தொன்பது வயது. கழுத்தில் அறுவைத் தழும்பு இன்னும் சிவந்திருந்தது. கணவன் தண்டபாணி கையில் இரண்டரை வயதுப் பெண் குழந்தை. அவள் பெயர் இதழினி. குழந்தை, "அம்மா, அம்மா" என்று கையை நீட்டியபடியே இருந்தது. தாய் ஏழடி தள்ளியே நின்றாள்.

"அன்னிக்கு நீங்க அனுப்பின மருந்துல ஒண்ணு எனக்குத்தானுங்க வந்துது," என்றாள்.

நஸ்ரினும் வசந்தாமணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த முப்பத்தொரு பேரில் ஒருவரை இப்போதுதான் நேரில் பார்க்கிறார்கள்.

மருந்து குடித்தவர்கள் உடம்பிலிருந்தும் கொஞ்ச நாள் கதிர் வரும். அதனால் குழந்தைகளைத் தூக்கக் கூடாது. சௌடேஸ்வரிக்கு அந்த நாட்கள் முடிந்துவிட்டன. "பாப்பாவைத் தூக்கலாம்" என்று ஆஸ்பத்திரியில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். நஸ்ரின் தன் மீட்டரை எடுத்து அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னது சரிதான்.

"நல்லா இருக்கீங்க. தாராளமாத் தூக்குங்க."

"எல்லாருந்தான் சொல்றாங்க. இவரும் சொல்றாரு. மீட்டரும் சொல்லுது," என்றாள் சௌடேஸ்வரி. "எங் கை போக மாட்டீங்குதுங்க. பக்கத்துல வந்தாலே பயந்து தள்ளிர்றேன். ராப்பகலா அழுகறா. கண்ணுல தெரிஞ்சா நம்பிருவனுங்க. அந்தத் துணியில எம் புள்ளைக்கு ஒரு சட்டை கெடைக்குமான்னு கேக்கத்தான் வந்தோம்."

நஸ்ரின் தயங்கினாள். பூத்துணி வெளியே போகக் கூடாத பொருள். "இது மேல ஒட்டறதை மட்டுந்தான் காட்டும். உடம்புக்குள்ள இருக்கறதை மீட்டர்தான் சொல்லணும். அது சரின்னு சொல்லிருச்சு. துணி புதுசா எதையும் சொல்லப் போறதில்ல," என்றாள்.

"அவங்களுக்குச் சொல்லும்ல மேடம்," என்றாள் வசந்தாமணி. அப்போதே அளவுநாடா அவள் கைக்கு வந்திருந்தது.

சதாசிவம் 'மாதிரிச் சோதனை' என்று ஒரு தாளில் எழுதி அனுமதித்தார். வெட்டி மிஞ்சிய துண்டுகள் ஒரு மூட்டை கிடந்தன. குழந்தை ஓரிடத்தில் நிற்கவில்லை. மேசைக்கடியில் துரத்தித்தான் அளவெடுக்க வேண்டியிருந்தது. இருபத்தொரு வருஷமாகப் பெரிய உடம்புகளுக்கும் ஏற்றுமதிக்கும் வெட்டிய கை, ஒரு சாண் தோளுக்கு வெட்டியது. கழுத்தில் சுருக்கம் வைத்துக் கையில் பஃப் வைத்தாள். பாதுகாப்பு உடையில் பஃப் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

மதியம் மூன்று மணிக்குச் சட்டை தயார். இதழினி அதைப் போட்டுக்கொண்டு, அழைக்காமலே ஓடிப் போய் அம்மா மடியில் ஏறினாள். சௌடேஸ்வரி இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கி வைத்துக்கொண்டு சிலைபோல உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் சட்டையிலேயே இருந்தது. ஒரு நிமிஷம். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். சட்டை வெள்ளையாகவே இருந்தது. ஒரு கை மெதுவாக இறங்கிக் குழந்தையின் முதுகில் பட்டது. எடுத்துப் பார்த்தாள். வெள்ளை. இன்னொரு கையும் இறங்கியது. பிறகு முகத்தைக் குழந்தையின் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். தண்டபாணி சுவர்ப்பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினான்.

திடீரென்று "ஐயோ!" என்று ஓர் அலறல்.

சௌடேஸ்வரி குழந்தையை மடியிலிருந்து இறக்கி விட்டுப் பின்னுக்குப் போயிருந்தாள். சட்டையின் நெஞ்சில், சுருக்கத்துக்குக் கீழே, ரோஜா நிறத்தில் ஒரு வட்டம். பக்கத்தில் இன்னொன்று.

நஸ்ரின் மீட்டரோடு பாய்ந்து வந்து மண்டியிட்டாள். சட்டைமேல் வைத்தாள். மீட்டர் பேசவில்லை. தட்டிப் பார்த்து மறுபடி வைத்தாள். பேசவில்லை. அவள் குழம்பிப் போய் நிமிர்ந்தாள்.

வசந்தாமணி குனிந்து அந்த வட்டத்தை உற்றுப் பார்த்தாள். அது பூவைவிடச் சற்றுக் கருஞ்சிவப்பு. ஓரத்தில் வெள்ளையாகத் துருவல் ஒன்று ஒட்டியிருந்தது. குழந்தையின் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. இவ்வளவு நேரமும் எதையோ மென்றுகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"ஏனுங்க தம்பி," என்று தண்டபாணியைக் கேட்டாள், "மத்தியானம் புள்ளைக்கு என்ன குடுத்தீங்க?"

அவன் திருதிருவென்று விழித்தான். "சோறும்... பீட்ரூட் பொரியலுங்க. எப்பவும் ஒரு உருண்டையைக் கன்னத்துலயே அடக்கி வெச்சுக்குவா. முழுங்கவே மாட்டாளுங்க."

இதழினி எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்து அந்த உருண்டையைக் காட்டினாள்.

முதலில் சிரித்தவள் சௌடேஸ்வரிதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தழும்பு வலிக்க வலிக்கச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்து, முந்தானையால் வாயைத் துடைத்தாள். "முழுங்குடி முதல்ல," என்று கன்னத்தை அழுத்தினாள். இவ்வளவையும் யோசிக்காமலே செய்தாள். தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. மற்றவர்களும் அதைச் சொல்லிக் கெடுக்கவில்லை.

கிளம்பும்போது தண்டபாணி சட்டையைத் திருப்பித் தர வேண்டுமா என்று கேட்டான்.

"நீங்களே வெச்சுக்கங்க," என்றாள் வசந்தாமணி. "கதிர்னா எண்பது நாள்ல செத்துப்போயிரும். பீட்ரூட் கறை போகவே போகாது."